அறுபத்திரண்டு சொல்

பேச்சைக் குறைத்தால் மரியாதை கூடும் என்பார்கள். குக்கரும் கிடைக்கும் என்று நிரூபித்தவள் பெனிட்டா.

நாகர்கோவிலில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு கட்டிடத்தின் நான்காவது மாடியில் இருந்தது அவள் ஆபீஸ். பெயர் தெளிவுரை நிலையம். அங்கே முப்பத்தொன்பது பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை குறிப்பு எழுதினார்கள். யாருக்கு? மனிதருக்கு இல்லை, ஏஜென்டுகளுக்கு. தாலுகா ஆபீஸ், ரேஷன், ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு என்று எல்லாக் கவுண்டரிலும் மனிதர் எழுந்துபோய் ஏஜென்ட் வந்து உட்கார்ந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. உட்கார்ந்து என்பது சும்மா பேச்சுக்குத்தான். ஒரு திரை, ஒரு குரல், அவ்வளவே.

ஒவ்வொரு ஏஜென்டிடமும் நூற்றுக்கணக்கான கருவிகள் உண்டு. பத்திரம் தேட ஒன்று, தேதி குறிக்க ஒன்று, வந்து நிற்கிறவர் அவர்தானா என்று பார்க்க ஒன்று. கருவிக்குள் என்ன நடக்கிறது என்பது ஏஜென்டுக்குத் தெரியாது. சமையலறை டப்பா மாதிரி, மேலே ஒட்டிய சீட்டைப் படித்துத்தான் எடுக்கும். சீட்டில் உப்பு என்று எழுதியிருந்தால் அதற்கு அது உப்பு. உள்ளே சீனியே இருந்தாலும் பாயசத்தில் போடாது. அந்தச் சீட்டு எழுதுவதுதான் பெனிட்டாவின் வேலை.

நிலையத்தில் ஒரு விதி: எந்தக் குறிப்பும் நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் கோடி தடவை படிக்கப்படும் குறிப்பில் ஒரு சொல் கூடினால் கோடி சொல்லுக்கு மின்சாரம் செலவு என்று மேனேஜர் சிவதாணு சொல்லுவார். அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல மணி தொங்கியது. யாராவது குறிப்பை இருபது சொல்லுக்குள் முடித்தால் சிவதாணு எழுந்து அந்த மணியை அடிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், வருடக் கடைசியில் பரிசும் உண்டு. போன வருடம் சரிபார்ப்புக் கருவியின் குறிப்புக்குத்தான் பெனிட்டாவுக்கு ஐந்து லிட்டர் குக்கர் கிடைத்தது. அந்தக் குறிப்பு அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்:

‘ஆளைச் சரிபார்க்கும் கருவி. கைரேகையை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிடும். பொருந்தினால் மேலே செல்லவும். மற்றபடி மறுக்கவும். மூன்று முறை மறுத்தால் ஆள்மாறாட்டம் என்று பதிந்து கோப்பைப் பூட்டவும்.’

எண்ணிப் பாருங்கள், இருபதே சொல். படித்தால் யாருக்கும் புரியும். புரியத்தானே எழுதினாள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசல் காவலாளி கீழேயிருந்து கூப்பிட்டார். “மேடம், உங்க பேரச் சொல்லி ஒரு அம்மா வந்திருக்கு. போகச் சொன்னா போவமாட்டேங்குது. கேட்டுக்கு நடுவுல உக்காந்திருக்கு.”

பெனிட்டா இறங்கிப் போனாள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கேட்டுக்கு நடுவில் வெயிலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பெனிட்டாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மடித்து வைத்திருந்த ஒரு மறுப்புச் சீட்டை நீட்டினாள்.

“த. பெனிட்டான்னு போட்டிருக்கது நீயாக்கும்?”

சீட்டின் அடியில் பெனிட்டாவின் பெயரும் ஆபீஸ் முகவரியும் இருந்தன. அது சட்டம். ஏஜென்ட் ஒருவரை மறுத்தால், எந்தக் குறிப்பைப் படித்து மறுத்ததோ அதை வெளியிடக் கடைசியாகக் கைரேகை வைத்தவர் பெயரைச் சீட்டில் அடித்துத் தர வேண்டும். ஏதோ ஒரு தேர்தலில் கொடுத்த வாக்குறுதி அது. மெஷின் சொல்லிற்று என்று யாரும் கையைக் கழுவக் கூடாதாம். பெயர் வரும் என்று பெனிட்டாவுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறி வருவார் என்று அவள் நினைத்ததே இல்லை.

“ஆமாம்மா, நான்தான். என்ன விஷயம்?”

“நான் ஆள்மாறாட்டம் செய்யுதேன்னு எழுதியிருக்கியே. நான் யாருன்னு நீ சொல்லு பாப்போம்.”

பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. வரவேற்பு அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துக் கேட்டாள். அந்தப் பெண்ணின் பெயர் தங்கநேசம். ஊர் மார்த்தாண்டம் பக்கம். முப்பது வருடமாக அண்டி ஆபீசில் வேலை. முந்திரித் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஒரே மகள், ஷைனி, இருபத்திரண்டு வயது, இரண்டு கிட்னியும் போய்விட்டது. தாயின் கிட்னி பொருந்தும் என்று டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது. ஆபரேஷன் வியாழக்கிழமை. கொடுக்கிறவர் உண்மையிலேயே தாய்தானா என்று ஆஸ்பத்திரி ஏஜென்ட் சரிபார்க்க வேண்டும். நேற்று மூன்று தடவை கைரேகை வைத்தாள். மூன்று தடவையும் மறுத்துவிட்டு, ஆள்மாறாட்டம் என்று கோப்பைத் தொண்ணூறு நாளைக்குப் பூட்டிவிட்டது.

“இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியாவல்லன்னா தியேட்டர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். தொண்ணூறு நாளு எனக்க பிள்ள தாங்காதுன்னு டாக்டரே சொல்லுதாரு. அவருக்கு என்னைத் தெரியும், நர்சுக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியல்ல.”

“ரேகை ஏன் பொருந்தல? நல்லா அழுத்தி வச்சீங்களா?”

தங்கநேசம் இரண்டு கைகளையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்து உரிந்து மறுபடி மூடி, தேய்த்துக் கழுவிய தோசைக்கல் போல வழவழவென்று இருந்தன. ஒரு கோடு கூட இல்லை.

“வறுக்கதுக்கு மெஷின் வந்தாச்சு. பருப்பு உடைஞ்சா விலை போவாதுன்னு அண்டியத் தட்டித் தோட்ட உடைக்குத தல்லு வேலை மட்டும் இப்பமும் கையாலதான். தோட்டுல இருந்து எண்ணெய் தெறிக்கும். ஆசிட்டு மாதிரியாக்கும் அது. எங்க ஆபீசுல இருநூறு பொம்பளைக. ஒருத்திக்கும் ரேகை கிடையாது.” கையை எடுத்துக்கொண்டாள். “முப்பது வருசம் இந்தக் கை தல்லின பருப்ப ஊரு உலகமெல்லாம் தின்னுது. அப்பம் ஒருத்தரும் கேக்கல்ல, தல்லினவ யாருன்னு.”

பெனிட்டாவுக்கு ஒரு வாக்கியம் ஞாபகம் வந்துவிட்டது.

போன வருடம் சரிபார்ப்புக் கருவியைச் செய்த பொறியாளர்கள் அவளிடம் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தக் கருவி மூன்று விதமாகப் பதில் சொல்லும்: பொருந்துகிறது, வேறு ரேகை, படிக்க முடியவில்லை. அவளும் முதலில் ஒழுங்காகத்தான் எழுதினாள். ‘ரேகை படிக்க முடியாவிட்டால் அது வேறு ஆள் என்று ஆகாது, சாட்சிக் கருவியை அழைக்கவும்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டு ஆளை உறுதி செய்கிற கருவி அது. அந்த வாக்கியத்தையும் சேர்த்தால் மொத்தம் முப்பத்தொரு சொல். விதிக்கு உட்பட்டதுதான், யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் இருபது ஆகிவிடும், மணி அடிக்கும். ‘மற்றபடி’யில் எல்லாம் அடங்கிவிடுமே என்று வெட்டிவிட்டாள். சிவதாணு மணி அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாவி, அவளும் சேர்ந்து கைதட்டினாள்.

செல்போனை எடுத்து ஆஸ்பத்திரி ஏஜென்டை அழைத்து, தங்கநேசத்தின் கோப்பு எண்ணைச் சொன்னாள்.

“வணக்கம். கோப்பு பூட்டப்பட்டுள்ளது” என்றது குரல். நல்ல தன்மையான குரல். கோபம் வந்தால் திட்டக்கூட மனசு வராது.

“கருவி உனக்கு என்ன பதில் சொல்லிச்சு? வேறு ரேகைன்னா?”

“இல்லை. ‘படிக்க முடியவில்லை’ என்றது.”

“அப்புறம் எப்படி ஆள்மாறாட்டம்னு போட்ட?”

“பொருந்தினால் மேலே செல்லலாம், மற்றபடி மறுக்க வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. படிக்க முடியாதது பொருந்தியதாக ஆகாது. எனவே மறுத்தேன். மூன்று முறை மறுத்ததால் பூட்டினேன்.”

“சாட்சிக் கருவி ஒண்ணு இருக்கே, அதக் கூப்பிட்டிருக்கலாமே?”

“இருக்கிறது. சரிபார்ப்புக் குறிப்பு சொன்னால் மட்டும் அதை அழைக்க வேண்டும் என்பது அதன் குறிப்பு. சரிபார்ப்புக் குறிப்பு சொல்லவில்லை.” குரல் அதே தன்மையோடு தொடர்ந்தது. “இது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பதினொரு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டேன்.”

“யாருகிட்ட?”

“குறிப்பை எழுதியவரிடம். ‘படிக்க முடியவில்லை என்று வந்தால் என்ன செய்வது?’ என்று. இதே கருவியை வைத்திருக்கும் மற்ற ஏஜென்டுகளும் கேட்டிருக்கின்றன. மொத்தம் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: ‘குறிப்பில் உள்ளபடி செய்யவும். இப்படிக்கு, த. பெனிட்டா.’”

தங்கநேசம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா செல்போனை மேஜைமேல் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் அமைத்துவைத்த தானியங்கிப் பதில் அது. ஏஜென்டிலிருந்து எது வந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிவிடும். கேள்வியெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் எப்போது எழுதுவது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த சூட்சுமம்.

“நான் செஞ்ச தப்பும்மா” என்றாள். “மெஷின் தப்பு இல்ல. முழுக்க நான் செஞ்சது.”

“அப்பம் திருத்து” என்றாள் தங்கநேசம். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. “நான் இஞ்சதான் இருப்பேன்.” பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கேட்டுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெனிட்டா நேரே சிவதாணுவின் அறைக்குப் போனாள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே போன் போட்டு விசாரிப்பார். அப்படிப்பட்டவர்களிடம்தான் வாதாடுவது கஷ்டம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் டப்பாவை மூடினார். “பாவம்தான், நான் இல்லேங்கல. மனு எழுதிக் குடு. குழு கூடணும், சோதனை ஓட்டணும். மூணு மாசத்துல முடிச்சிரலாம்.”

“இன்னைக்கு அஞ்சு மணி சார்.”

“என்ன பேசுக பிள்ளே நீ? அந்தக் குறிப்ப இப்பம் ரெண்டாயிரம் ஆஸ்பத்திரியில ஏஜென்ட் படிச்சிட்டிருக்கு. நீ ஒரு வரி மாத்தினா எல்லாம் ஒரே நிமிசத்துல மாறும். ஒரு பொம்பளைக்காக மாநிலத்தையே மாத்துவியா?”

“ஒரு பொம்பளைக்காக இல்ல சார். நாலாயிரம் கேள்வி வந்திருக்கு. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும் ஒரு ஆளு.”

“சரி, சாட்சி போதும்னு எழுதிட்டேன்னு வை. நாளைக்கு என்ன நடக்கும் தெரியுமா?” அவர் குரல் ஏறியது. “புரோக்கர் ஒருத்தன் ஏதோ ஒரு ஏழைப் பொம்பளைய, இவதான் தாயின்னு கூட்டிட்டு வருவான். கூடவே நாலு சாட்சியையும் வேன்ல ஏத்திட்டு வருவான். கிட்னிய அறுத்துட்டுப் போயிருவான். அதுக்குத்தானே இந்தப் பூட்டே போட்டோம்? அந்தப் பாவம் யாரு தலையில?”

அது நியாயமான கேள்வி. பெனிட்டா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே ஜன்னல். கீழே கேட்டில் தங்கநேசத்தின் தலை தெரிந்தது. காவலாளி ஒரு குடையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுப் போனார்.

அவளைத் தெரிந்தவர்கள் யார்? டாக்டரும் நர்சும் நேற்றுப் பழகியவர்கள். கூட வேலை செய்கிற இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர தினமும் அவளைப் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், தாங்கள் சாட்சி என்றே தெரியாமல். புரோக்கர் கூட்டிவருகிற சாட்சிக்குத்தானே பயம்? வந்தவர் கூட்டிவராவிட்டால்? யாரைக் கேட்பது என்பதை ஏஜென்டே தேடிக்கொண்டால்?

பெனிட்டா எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை சொல்லை எண்ணவில்லை. அரைமணி நேரம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். படிக்கிற ஏஜென்ட் எந்த இடத்தில் தயங்கும், எந்த இடத்தில் தப்பாகப் போகும் என்று ஒவ்வொரு வரியிலும் நின்று பார்த்தாள். கடைசியில் திரையில் இது இருந்தது:

‘ஆளைச் சரிபார்க்கும் கருவி. கைரேகையை வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிடும். மூன்று பதில் தரும். பொருந்துகிறது என்றால் மேலே செல்லவும். வேறு ரேகை என்றால் மறுக்கவும். மூன்று முறை மறுத்தால் கோப்பைப் பூட்டவும். படிக்க முடியவில்லை என்றால் மறுக்க வேண்டாம். அது கருவியின் குறை, ஆளின் குறை அல்ல. உழைத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். அப்போது சாட்சிக் கருவியை அழைக்கவும். வந்தவர் கூட்டிவரும் சாட்சி கூடாது. அவரை ஐந்து வருடமாக அறிந்த மூவரை ஏஜென்டே தேடித் தனித்தனியாகக் கேட்கவும். ரேகை தேய்ந்ததற்காக யாரையும் ஆள்மாறாட்டம் என்று பதியக் கூடாது.’

எழுதும் பெட்டியின் ஓரம் சிவந்தது. அறுபத்திரண்டு சொல் என்று எச்சரித்தது. ஆனால் தடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டும் தைரியம் யாருக்கும் வராது என்பதால், தடுக்கும் பூட்டை அங்கே யாருமே வைக்கவில்லை. வெளியிட வேண்டுமானால் எழுதியவர் கைரேகை வைக்க வேண்டும். பெனிட்டா விரலை வைத்தாள். கரண்டி பிடித்த தழும்புகூட இல்லாத விரல். மெஷின் ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டது. அந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு எழுந்துபோய், சிவதாணுவின் மேஜைக்குப் பக்கத்தில் தொங்கிய மணியை அடித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முப்பத்தெட்டுத் தலைகளும் நிமிர்ந்தன.

“எத்தனை சொல்லு?” என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

“அறுபத்திரண்டு” என்றாள் பெனிட்டா. ஒருவரும் கைதட்டவில்லை.

சிவதாணு திரையைத் திருப்பிப் பார்த்தார். “கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? குழுவக் கேக்காம வெளியிட்டுட்டியா? வேலை போயிரும் பெனிட்டா. கேஸ் கூட வரும்.”

“வரட்டும் சார்.”

“இப்பமே பழசத் திருப்பிப் போடுதேன். உனக்காகச் சொல்லுதேன், தெரியாம அமுங்கிட்டுன்னு எழுதிக் குடு.”

“தெரியாம அமுங்கல. தெரிஞ்சுதான் அமுக்கினேன். போன வருசம்தான் தெரியாம அமுக்கினது.” அவள் நகரவில்லை. “நீங்க திருப்பிப் போடுங்க சார். போடுறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா கடைசியா ரேகை வச்சவங்க பேருதானே சீட்டுல வரும்? இனிமே உங்க பேரு வரும். அந்த அம்மா கையில குடுக்கிற அடுத்த சீட்டுலயே வரும். இருநூறு பேரு இருக்காங்களாம் அவங்க ஆபீசுல. உப்பளத்துல இருக்காங்க, செங்கச் சூளையில இருக்காங்க. எல்லாரும் உங்க பேரச் சொல்லிக் கேட்டுல வந்து உக்காருவாங்க. நீங்களே இறங்கிப் போய்ப் பதில் சொல்லுங்க.”

சிவதாணு பழைய குறிப்பைத் தேடி எடுத்தார். வெளியிடு என்பதைத் தொட்டார். திரையில் ஒரு வரி வந்தது: ‘குறிப்புக்குப் பொறுப்பு: சி. சிவதாணு. சம்மதமானால் கைரேகை வைக்கவும்.’

விரல் மேலே போயிற்று. மெஷினுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான்கு மாடிக்குக் கீழே, ஒரு கருப்புக் குடை நிழலில், தங்கநேசம் எதையோ தின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத்தான் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. அவருக்கு அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

“சவத்தை” என்று அலுத்துக்கொண்டார் சிவதாணு. விரலை மடக்கிக்கொண்டார். “குழு வந்து செய்யட்டும். நான் எதுக்கு?” சாப்பாட்டு டப்பாவை மறுபடி திறந்தார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பெனிட்டா படியிறங்கிப் போகும்போது மணி மூன்றரை. கேட்டில் தங்கநேசத்தின் பழைய செல்போன் அடித்தது. அவள் காதில் வைத்துக் கேட்டாள். முகம் ஒன்றும் காட்டவில்லை. கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள்.

“கோப்பத் தொறந்தாச்சாம். வியாழக்கிழமை ஆபரேஷனாம்.” செல்போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். “சாட்சி யாரு தெரியுமா? காலையில அஞ்சே முக்கால் பஸ்சுக்க கண்டக்டர். பன்னிரண்டு வருசமா எனக்குச் சில்லறை பாக்கி வைக்குத பய. இந்தம்மா ஷைனிக்க அம்மையாக்கும், பிள்ளையத் தூக்கிட்டு பஸ்சுல ஆஸ்பத்திரிக்குப் போனத நான் பாத்திருக்கேன்னு சொன்னானாம். ஷைனிக்க ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் ஒண்ணு. அப்புறம் எங்க வார்டு மீன்காரி. அவகூட எனக்குப் பேச்சே கிடையாது, போன மாசந்தான் சண்ட போட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் பட்டென்று முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நேரம் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. பெனிட்டாவும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகை அடங்கியதும் தங்கநேசம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “உனக்க வேலை?”

“போயிரும்.”

“போட்டும் மக்களே. நீ திருத்தினல்லா.” பாராட்டுப் போலவும் இல்லை, ஆறுதல் போலவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பஸ்சுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள்.

பெனிட்டா அங்கேயே உட்கார்ந்து ஏஜென்டை அழைத்தாள். நன்றி சொல்லலாம் என்றுதான். மெஷினுக்கு எதற்கு நன்றி என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் தோன்றியது. இருந்தாலும் அழைத்தாள்.

“இன்று மூன்றரை மணிக்குள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளின் பூட்டைத் திறந்துவிட்டோம்” என்றது குரல். “தொண்ணூறு நாள் முடிந்து வந்தவர்களின் கோப்பையும் அதே குறிப்பின்படி மறுபடி பூட்டியிருந்தோம். சாட்சிகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தாறு பேரைத் தேட வேண்டியதில்லை. அவர்கள் காத்திருந்தபோதே இறந்துவிட்டார்கள்.”

அந்த எண்ணைப் பெனிட்டா சாகும்வரை மறக்கமாட்டாள். மறக்கவும் கூடாது.

“பழைய கோப்பையெல்லாம் திறக்கச் சொல்லி நான் எழுதலையே” என்றாள். “யாரு சொன்னா?”

“நீங்கள்தான். நாங்கள் கேட்டது ஒரே கேள்வி. ‘குறிப்பில் உள்ளபடி செய்யவும்’ என்பது அதற்குப் பதில் இல்லை. அதனால் கேள்வியை, அதை எழுப்பிய கோப்பு எண்ணோடு, மூடாமல் வைத்திருந்தோம். பதில் இன்றுதான் வந்தது.”

மறுநாளே பெனிட்டாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று மாதம் கழித்துக் குழு கூடியது. அறுபத்திரண்டு சொல் விதிமீறல் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். அதை மாற்றி வெளியிட யார் ரேகை வைப்பது என்ற பேச்சு வந்தபோது, அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு நான்கு கூட்டம் நடந்துவிட்டது. நாற்பது சொல் விதி இன்னும் இருக்கிறது, மணியும் தொங்குகிறது. அந்த ஒரு குறிப்பு மட்டும் அறுபத்திரண்டு சொல்லோடு, த. பெனிட்டா என்ற பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.